என் பின்னால் சொல்லுங்கள்

பிப்ரவரி 11, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று மூச்சுவிட நேரமில்லை. பரிசோதனை நாற்காலியில் ஒரு பெரியவர். "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று எந்த லென்ஸைப் போட்டுக் கேட்டாலும் "ரெண்டும் நல்லாருக்கும்மா" என்கிறார். என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டுமாம். ஐயா, இது பரீட்சை இல்லை, உங்கள் கண்ணுக்கு எது வேண்டும் என்று பார்க்கிறேன் என்றேன். அதற்கும் "நல்லாருக்கும்மா". கேள்வியைத் தலைகீழாகப் போட்டு, பின்னதை முன்னால் வைத்து, ஒருவழியாக உண்மையைக் கறந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா. ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவருக்குச் சொந்தமாகப் பேச்சு கிடையாது. எதிரில் இருப்பவர் சொல்வதில் கடைசி இரண்டு மூன்று வார்த்தைகளை அப்படியே திருப்பிச் சொல்வார். "அப்பா, டீ குடிக்கிறீங்களா?" "டீ குடிக்கிறீங்களா." "தலகாணி சரியா இருக்கா?" "சரியா இருக்கா." நேற்று போனில் ஏதோ வங்கியின் ரெக்கார்டு குரல் ஒன்றை அழுத்தவும் என்றது. இவரும் கட்டிலில் இருந்தபடி "ஒன்றை அழுத்தவும்" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

வியாழக்கிழமைகளில் வரும் பேச்சுப் பயிற்சிப் பெண் சொல்கிறாள்: வாயிலிருந்து வருவது வேறு, உள்ளே புரிவது வேறு, எவ்வளவு புரிகிறது என்று இப்போதே சொல்ல முடியாது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்தில் முதலாளி, பில்டர், இன்ஸ்பெக்டர் என்று ஒருவரையும் விடாமல் வாய்ச்சண்டை போட்ட மனிதர் இவர்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதினால்தான் ஆத்திரம் அடங்கும்.

ஆராதனை முடிந்து பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். கூட அக்காவும், சபையில் நாங்கள் ஆமென் அண்ணன் என்று கூப்பிடும் மூப்பரும். எதற்கெடுத்தாலும் ஆமென் சொல்வார், வெயில் அதிகம் என்றால்கூட. நான் டீ போட அடுப்படிக்குப் போனேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு.

தட்டோடு திரும்பி வந்தால் பாஸ்டர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "ஐயா, என் பின்னால சொல்லுங்க. இயேசுவே, நான் ஒரு பாவி."

"நான் ஒரு பாவி."

"எனக்காகச் சிலுவையில் இரத்தம் சிந்தினீரே."

"இரத்தம் சிந்தினீரே."

"என் பாவங்களை மன்னியும். என் இருதயத்துக்குள் வாரும்."

"இருதயத்துக்குள் வாரும்."

அக்கா தரையில் முழங்காலில் நின்று தேம்பித் தேம்பி அழுகிறாள். பாஸ்டருக்கும் கண் கலங்கிவிட்டது. ஆமென் அண்ணன் ஆமென் என்றார். அப்பாவும் ஆமென் என்றார். அதைக் கேட்டு அண்ணன் பரவசமாகி மறுபடியும் ஆமென் என்றார். அப்பாவும் விடவில்லை. இப்படி மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்தது. நான் தட்டை வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். டீ ஆறிவிட்டது.

எல்லோரும் போன பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"என்னப்பா நடந்துச்சு" என்றார்.

பிப்ரவரி 17, திங்கள்

கோபம் குறையவில்லை. கடையில் ஒருவருக்கு ஒரே பவரை இரண்டு கண்ணுக்கும் எழுதிவிட்டு அப்புறம் திருத்தினேன்.

பிப்ரவரி 19, புதன்

சபை வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் படம். சவரம் செய்யாத முகம், கழுத்தில் துண்டு. கீழே: 'ஒரு ஆத்துமா ஆதாயம். பரலோகத்தில் மிகுந்த சந்தோஷம்.' அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக. மார்ச் 16 ஞாயிறு முழுக்கு ஞானஸ்நானம், நாற்காலியோடு தூக்கி இறக்க நாலு வாலிபர்கள் தேவை என்று இன்னொரு செய்தி.

அக்காவுக்குப் போன் போட்டேன். அப்பா யார் என்ன சொன்னாலும் திருப்பிச் சொல்கிறார், உனக்கே தெரியும் என்றேன்.

"உனக்கு அப்பா பரலோகம் போறது பிடிக்கலையாடி?"

என்ன கேள்வி இது? எனக்குப் பிடிக்கலையா? இந்த வீட்டில் அவருக்காக அழுது ஜெபித்தவள் இவள் ஒருத்தி மட்டும்தானா? எனக்கு அது வேண்டும் என்பதால்தானே வயிறு எரிகிறது. பொய்யாக வேண்டாம். நிஜமாக வேண்டும்.

அம்மா உயிரோடு இருந்தபோது அப்பா ஞாயிறுதோறும் எங்களைச் சபை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். உள்ளே ஒருநாளும் கால் வைத்ததில்லை. அம்மா கெஞ்சினால், "நம்பாததை வாயால சொல்ல மாட்டேன். சொன்னா உன் கடவுளுக்கே அது மரியாதை இல்ல" என்பார். அந்த மனுஷன் வாயில்தான் இவர்கள் வார்த்தையைத் திணித்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பிப்ரவரி 22, சனி

பாஸ்டரைப் பார்க்கப் போனேன். மேடைக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறை. அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், துணி போர்த்திய கீபோர்டு. மைக் ஒயரை டேப் சுற்றிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. அம்மா சாகக் கிடந்தபோது நாற்காலியைவிட்டு எழாமல் கூடவே இருந்தவர். அதனால்தான் திட்டவும் முடியவில்லை.

"சிஸ்டர், சிலுவையில பக்கத்துல தொங்கின கள்ளன் கடைசி நேரத்துல கேட்டான். அவனுக்குப் பரலோகம் கெடச்சுது இல்லையா?"

"அவன் கேட்டான் பாஸ்டர். அவனாவே கேட்டான். என் பின்னால சொல்லுன்னு யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கல."

டேப்பைக் கீழே வைத்தார். "இரட்சிப்பு கிருபைன்னு நீங்கதானே சண்டே கிளாஸ்ல சொல்லிக் கொடுக்கறீங்க. நம்ம செய்யற ஒண்ணாலயும் வராது. அப்போ ஐயாவோட மூளை சரியா இல்லைங்கறது மட்டும் கர்த்தருக்கு ஏன் தடையா இருக்கணும்?"

என் பாடத்தையே எனக்குத் திருப்பிச் சொல்கிறார். அதுதான் எரிச்சல். "தடை இல்லன்னா ஜெபமே எதுக்கு பாஸ்டர்? ஞானஸ்நானம் எதுக்கு? அப்பாவை அப்படியே விட்டுடுங்களேன்" என்றேன். சபை முழுக்கச் சொல்லியாச்சு சிஸ்டர் என்றார். சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறுபடி டேப்பை எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று நானே ஒரு வேலை செய்தேன். பெருமையாக எழுதவில்லை.

பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயா தன் வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். "அப்பா, கடவுள் இல்லை" என்றேன். "கடவுள் இல்லை" என்றார். "கடவுள் இருக்கார்." "கடவுள் இருக்கார்." பார்த்தாயா, இதைத்தானே சொன்னேன் என்று அக்காவிடம் காட்ட வேண்டும்போல் இருந்தது. யாரிடம் ஜெயிக்கிறேன் நான்? படுத்த படுக்கையில் கிடப்பவரிடம்.

பிறகு மெதுவாகக் கேட்டேன். இயேசு உங்களுக்காக மரித்தார் என்று நம்புகிறீர்களா என்று. பேச்சு வழக்கில்தான் கேட்டேன். "நம்புறீங்களா?"

"நம்புறீங்களா" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு. எதிரொலிதான், எனக்குத் தெரியும். ஆனாலும் "நம்பறேன்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து துணி மடிக்கப் போனேன்.

மார்ச் 2, ஞாயிறு

அப்பா இரட்சிக்கப்பட்டுவிட்டார் என்று சபையில் அக்கா சாட்சி சொன்னாள். எல்லோரும் கைகொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்வது.

சண்டே கிளாஸ் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது இதுதான்: எல்லோரும் பாவிகள். நம் கடனை நாம் தீர்க்க முடியாது என்று அவர் சிலுவையில் தீர்த்தார். நம்புகிறவனுக்கு அது சும்மா கிடைக்கிறது. அப்பா அம்மா விசுவாசி என்பதால் பிள்ளைக்குக் கிடைக்காது, அவரவர் நம்ப வேண்டும். இதைச் சொல்லும்போதெல்லாம் எவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதே வார்த்தைகளை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அம்மாவின் விசுவாசம் இவருக்குச் செல்லாது. என்னுடையதும் செல்லாது. இவருடையதைக் கேட்கலாம் என்றால் வாய் இல்லை. நல்லாருக்கு நியாயம்.

சின்ன வயதில் விடுமுறை முகாமில் கிட்டார் வைத்திருந்த ஒரு அங்கிள் என் பின்னால் சொல்லுங்கள் என்றார். நாங்கள் எல்லோரும் கத்திச் சொன்னோம். முடிந்ததும் கிரீம் பிஸ்கட் கொடுத்தார்கள். நான் இரட்சிக்கப்பட்டது அன்று என்றுதான் அம்மா எல்லோரிடமும் சொல்வாள். அன்று நடந்ததில் எனக்கு பிஸ்கட் மட்டும்தான் ஞாபகம். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து அவள் புடவைகளை மடித்துக்கொண்டே, யாரும் சொல்லித்தராமல், நீர் இருக்கிறீரா இல்லையா என்று திட்டிக்கொண்டே கேட்டேனே, அன்றுதான் அது என்னுடையதாயிற்று என்று நினைக்கிறேன். அப்போ திருப்பிச் சொன்னதும் வீண் இல்லையோ? பாஸ்டர் சொல்வதில் பாதி சரியோ? ஐயோ, எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது.

மார்ச் 6, வியாழன்

பயிற்சிப் பெண் இன்று ஒரு வழி கண்டுபிடித்தாள். வாயை விட்டுவிடலாம், நல்லா இருக்கிற இடது கையைக் கேட்கலாம் என்றாள். நாம் கையை நீட்டிக் கேட்க வேண்டும். வேண்டும் என்றால் பிடித்துக்கொள்ள வேண்டும், வேண்டாம் என்றால் தள்ளிவிட வேண்டும். அரை மணி நேரம் பொறுமையாகப் பழக்கினாள்.

"ரேடியோ போடட்டுமா ஐயா?" பிடித்துக்கொண்டார்.

"ஓட்ஸ் சாப்பிடறீங்களா?" வாய் "ஓட்ஸ் சாப்பிடறீங்களா" என்று திருப்பிச் சொன்னது. கை அவள் கையைத் தள்ளிவிட்டது. கேள்வியை மாற்றிப் போட்டு, ஓட்ஸ் வேண்டாமா என்று நான் கேட்டேன். என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வாய் பாட்டுக்கு ஒன்று சொல்கிறது, கை பாட்டுக்கு வேறொன்று சொல்கிறது. நான் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன். பாவம், மிரண்டுவிட்டாள்.

அவள் போனதும் ஓடிப்போய் அப்பாவின் முன்னால் உட்கார்ந்தேன். கையை நீட்டினேன். இப்போது கேட்கலாம். யாரும் வாயில் எதையும் திணிக்காமல் அவரையே கேட்கலாம். இதற்குத்தானே இத்தனை நாள் குதித்தேன்.

கேட்கவில்லை. ரேடியோ சத்தம் போதுமா என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

தள்ளிவிட்டால்?

மார்ச் 10, திங்கள்

அக்கா வந்தாள். கையைப் பற்றிச் சொன்னேன். ஓட்ஸ் கதையைக் கேட்டு முதலில் சிரித்தாள். அப்புறம் நான் எங்கே வருகிறேன் என்று புரிந்து முகம் மாறிவிட்டது.

"கேக்காதடி."

"ஏன்க்கா?"

"கேக்காத. அவ்ளோதான்."

"ஞானஸ்நானம் கொடுக்கறதுக்கு முன்னாடி சம்மதமான்னு ஒரு வார்த்தை கேக்கறது தப்பா? சின்னக் குழந்தைக்குக் கொடுக்கறது தப்பு, அதுக்கு விவரம் தெரியாதுன்னு நம்ம சபைதானே சொல்லுது? அப்போ இது மட்டும் என்ன?"

"நான் முழங்கால் போட்டு ஜெபிச்சதுக்கெல்லாம் எனக்குக் கெடச்சது அந்த ஒரு ஜெபம்தான். அதையும் புடுங்கிடாத."

"அது அப்பா சொன்னது இல்லக்கா."

"தெரியும்."

நான் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக நின்றிருந்தேன். அவள் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "நான் போய்ட்டு வர்றேன்னா அவரும் போய்ட்டு வர்றேங்கறாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கேட்டு, அவர் வேணாம்னு சொல்லிட்டார்னா? அதுக்கப்புறம் நான் எப்படிடி தூங்குவேன்?" என்றாள்.

எனக்கும் அதே பயம்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏதோ ஜெயித்தவள் மாதிரி டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். என் வாய்க்கும் ஒரு பயிற்சிக்காரி தேவை.

மார்ச் 13, வியாழன்

ஆண்டவரே, நீர் என்னதான் செய்துகொண்டிருக்கிறீர்? பேசுகிற காலத்தில் இவரைப் பிடித்திருக்கக் கூடாதா? கேட்கிறதற்கு எனக்கு உரிமை இல்லை என்பார்கள். கேட்கிறேன், போங்கள்.

மார்ச் 15, சனி

கேட்டாயிற்று.

காலையில் அக்கா நாளைக்காக வெள்ளைச் சட்டையும் பெரிய டவலும் கொண்டுவந்தாள். இஸ்திரி போட்டு மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் இருக்கச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

நான் கையை நீட்டினேன். "அப்பா, நாளைக்கு சபையில உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போறாங்க. தண்ணில முழுக்கி எடுப்பாங்க. நான் இயேசுவோட ஆளுன்னு எல்லார் முன்னாடியும் சொல்ற மாதிரி. உங்களுக்கு சம்மதமா?"

"சம்மதமா" என்றார்.

கை வரவில்லை. என் கையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மடியிலிருந்த சட்டையைப் பார்த்தார். பிறகு என் கையைத் தள்ளினார். மெதுவாக இல்லை. ஓட்ஸைத் தள்ளியதைவிட வேகமாக.

கடைப் பழக்கம் விடுமா. மாற்றிக் கேட்டேன். "நாளைக்கு அதெல்லாம் வேணாம், வீட்டுலயே இருக்கீங்களா?" பிடித்துக்கொண்டார். விரல் வலித்தது.

அக்கா மடியிலிருந்த சட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள். "அம்மா சபைக்குக் கூப்பிடும்போது வெச்சிருப்பாரே, அதே மூஞ்சி பாரு" என்றாள். பார்த்தேன். அதே மூஞ்சிதான். கீழுதடு கொஞ்சம் முன்னால் வந்து, புருவம் ஏறி, இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்கிற மூஞ்சி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். நான் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கும் பயமாத்தான்க்கா இருந்துச்சு என்றேன், இப்போதாவது.

அழுகையோடு அழுகையாக எனக்கு இன்னொன்றும் இருந்தது. அதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை. சந்தோஷம். அசிங்கமாக இருக்கிறது எழுத, ஆனால் சந்தோஷம்தான். உள்ளே ஆள் இருக்கிறார். இத்தனை நாள் ஒரு காலி வீட்டுக்கு வெளியே நின்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தேன். இல்லை, உள்ளே அவர் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், பிடிக்காமல். வேண்டாம் என்று சொல்லத் தெரிகிறவரிடம் இன்னும் கேட்கலாம்.

நம்புகிறீர்களா என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. அதற்குத் தைரியம் வரவில்லை.

பாஸ்டருக்குப் போன் செய்து சொன்னேன்.

"அழுத்தமாவா தள்ளினாரு?"

"ஆமா பாஸ்டர்."

"அப்போ ஐயா நல்லாத்தான் இருக்காரு" என்றார். பெருமூச்சு விடுவது கேட்டது.

மார்ச் 16, ஞாயிறு

பாஸ்டர் மேடையிலேயே சொல்லிவிட்டார். ஐயாவுக்குச் சம்மதம் இல்லை, அவரிடம் கேட்காமல் நான்தான் அவசரப்பட்டேன், அவருக்காகத் தொடர்ந்து ஜெபிப்போம் என்று. ஆமென் அண்ணன் பழக்கதோஷத்தில் ஆமென் என்றுவிட்டு, இதற்குச் சொல்லலாமா என்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

வெளியே வரும்போது ஒரு சகோதரி என் தோளைத் தட்டி, "உங்களுக்கு விசுவாசம் குறைவு சிஸ்டர், அதான் இப்படி ஆச்சு" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "அவளுக்குக் குறைவுன்னா எங்க யாருக்குமே இல்ல" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். சின்ன வயதில் ரோடு தாண்டும்போது இழுத்த மாதிரி இழுத்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

வாட்ஸ்அப்பில் அப்பாவின் படம் இன்னும் இருக்கிறது. எடுக்கச் சொல்லி மூன்றாம் முறை எழுதினேன். பதிலுக்கு ஒரு கைகூப்பும் படம். பொறுமை, பொறுமை.

ஏப்ரல் 5, சனி

அப்பாவுக்குச் சளி. டாக்டர் நெஞ்சில் கருவி வைத்து மூச்சை இழுங்க என்றார். "மூச்சை இழுங்க" என்றார் அப்பா, டாக்டரும் பாவம் இழுத்தார். இரவெல்லாம் என்னவோ என்று பயம். நேரம் நிறைய இல்லை என்று எனக்குத் தெரியும். அது தெரியாதவள் மாதிரி நடப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. உலுக்கி உலுக்கிக் கேட்க வேண்டும்போல் வருகிறது. கேட்டால் மறுபடியும் தள்ளுவார்.

ஏப்ரல் 24, வியாழன்

சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் பைபிளை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய், கையை நீட்டி, வாசிக்கட்டுமா என்று கேட்பதை மூன்று வாரமாகப் பழக்கமாக்கியிருக்கிறேன். வாசிப்பது மட்டும்தான், வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பெரும்பாலும் தள்ளிவிடுவார். தள்ளினால் மூடி வைத்துவிட்டு ரேடியோ போடுவேன். முணுமுணுத்துக்கொண்டேதான் போடுவேன், அதை மறைக்கவில்லை.

இன்று பிடித்துக்கொண்டார்.

நம்பாமல் மாற்றிக் கேட்டேன். இன்னிக்கு வேணாமா என்று. தள்ளிவிட்டார், எரிச்சலாக.

ஒரு அதிகாரம் வாசித்தேன். நிறுத்தின இடத்திலெல்லாம் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொன்னார், கண் என் மேலேயே இருந்தது. முடித்ததும் வழக்கம்போல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சத்தமாகச் சொன்னால் அவரும் சொல்லிவிடுவார். அதனால் ஆமெனை மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டு பைபிளை மூடினேன்.